பெயருக்கேற்ற பாதாளச் சாக்கடை

தமிழ்நாட்டில் பாதாளச் சாக்கடைத் திட்டம் வராத ஊர்கூட இருக்கலாம். அந்தப் பெயரைக் கேட்காத ஊர் இருக்காது. சாலையைத் தோண்டிப் போடுவார்கள், மழை வரும், வண்டி இறங்கும், பத்திரிகையில் படம் வரும். அத்தனை பாடுபட்டுப் பதிக்கும் குழாயில் பெரும்பகுதி ஓர் ஆள், இரண்டு ஆள் ஆழத்தில்தான் கிடக்கிறது. அதைப் பாதாளம் என்பது கொஞ்சம் கூடுதலான மரியாதை.

அந்தப் பெயருக்கு நியாயம் செய்த ஊர் சிங்கப்பூர். அங்கே 20 முதல் 55 மீட்டர் ஆழத்தில், மெட்ரோ ரயில் பாதைகளுக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களின் அஸ்திவாரத் தூண்களுக்கும் கீழே, ஒரு பேருந்து தாராளமாக ஓடக்கூடிய அகலத்தில், தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கழிவுநீர்ச் சுரங்கம் போகிறது. முதல் கட்டமாக வடக்கே கிராஞ்சியிலிருந்து கிழக்கே சாங்கி வரை 48 கிலோமீட்டர். 2000ஆம் ஆண்டு வேலை தொடங்கி 2008இல் முடிந்தது. இரண்டாம் கட்டமாக மேற்கே துவாஸை நோக்கி 40 கிலோமீட்டர். 2023இல் தோண்டும் வேலை முடிந்தது. இரண்டுக்கும் சேர்த்துச் செலவு ஏறக்குறைய 1,000 கோடி சிங்கப்பூர் வெள்ளி. சாக்கடைக்கா இவ்வளவு என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. விடை ஒரு கொத்தனாரின் சொல்லுக்குள் இருக்கிறது: வாட்டம்.

மொட்டைமாடிக்குத் தளம் போடும்போது கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தண்ணீர் போகும் மூலைக்குக் கொஞ்சம் சரித்து விடுவார். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்பது வழக்கமான கணக்கு. அதுதான் வாட்டம். கழிவுநீர்க் குழாய்க்கும் அதே விதிதான். தண்ணீர் தானாக ஓட வேண்டும். ஓடும் வேகத்தில் மணலையும் மலத்தையும் சேர்த்து இழுத்துப் போக வேண்டும். அதற்கு நொடிக்கு ஏறக்குறைய முக்கால் மீட்டர் வேகமாவது தேவை. அதற்குக் கீழே போனால் கசடு அடியில் தங்கி, நாளடைவில் அடைப்பாகும்.

வாட்டத்தோடு போகும் குழாய் போகப் போக ஆழமாகிக்கொண்டே இருக்கும் என்பதுதான் சிக்கல். நிலம் சமமாக இருக்கிறது, குழாயோ இறங்குகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் சாலையைத் திறந்து தோண்ட முடியாது. அங்கே ஒரு கழிவுநீரேற்று நிலையம் கட்டி, மோட்டார் வைத்து நீரை மேலே தூக்கி, மறுபடி வாட்டம் கொடுத்து அனுப்புவார்கள். சில கிலோமீட்டர் போனதும் இன்னொரு நிலையம். சென்னை போன்ற தட்டையான கடற்கரை நகரங்கள் இப்படித்தான் ஏற்றி இறக்கிச் சமாளிக்கின்றன. ஒவ்வொரு நிலையத்துக்கும் நிலம் வேண்டும், மின்சாரம் வேண்டும், இரவுக் காவலர் வேண்டும். அருகில் குடியிருப்பவர்களுக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளும் பொறுமையும் வேண்டும். மின்சாரமோ மோட்டாரோ நின்றால் தெருவில் நீர் பொங்கும்.

சிங்கப்பூரிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஏற்று நிலையங்கள், தீவு முழுக்கச் சிதறிய ஆறு சுத்திகரிப்பு நிலையங்கள். 1987 வரை வாளியில் மலம் அள்ளி, 36 கதவுகள் கொண்ட லாரியில் ஏற்றிச்சென்ற ஊர் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பதின்மூன்றே ஆண்டுகளில் ஆழ்சுரங்கத்துக்கு மண்வெட்டி போட்டார்கள். கேட்ட கேள்வி எளிமையானது: இடையிடையே மேலே தூக்கவே தூக்காமல், தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரே வாட்டமாக விட்டால் என்ன?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொட்டைமாடியின் வாட்டத்தையே 48 கிலோமீட்டருக்குக் கொடுத்தால் சுரங்கம் 400 மீட்டர் இறங்க வேண்டும். அது நடக்காது. ஆனால் குழாய் பெரிதாகப் பெரிதாகத் தேவையான வாட்டம் குறையும். கூரைக் குழாயில் வழியும் நீருக்குச் சரிவு அதிகம் வேண்டும். கரை புரண்டு ஓடும் ஆற்றுக்குச் சமவெளியின் சிறு சரிவே போதும். நீரின் கனத்தோடு ஒப்பிட்டால் அது உரசும் சுவரின் பங்கு குறைந்துபோவதுதான் காரணம். ஆகவே ஆறு மீட்டர் விட்டமுள்ள சுரங்கத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர், அதிலும் குறைவாகக்கூட வைக்கலாம். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் மொத்த இறக்கம் 48 மீட்டர். இரண்டாயிரத்துக்கு ஒன்று என்றால் 24 மீட்டர். அந்த ஆழம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். பூமிக்கடியில் ஏதோ சாகசம் செய்யும் ஆசையில் போகவில்லை. வாட்டம் இழுத்த இடத்துக்குப் போனார்கள்.

நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், காலை ஆறு மணிக்குக் கிராஞ்சியில் ஒருவர் பல் துலக்கிக் கொப்பளித்த நீர் சாங்கிக்குப் போய்ச் சேர இரவு ஏழு மணி இருபது நிமிடம் ஆகும். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேலாக இருட்டில் நடைப்பயணம். இந்தத் தாமதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அது ஒரு வில்லனைக் கொண்டுவரப்போகிறது.

சுரங்கம் தோண்டுவதற்கு முன்னால் கிணறு தோண்ட வேண்டும். பொறியாளர்கள் இதை ஷாஃப்ட் என்பார்கள். நமக்குக் கிணறு என்றாலே விளங்கும். தோண்டும் இயந்திரத்தைத் துண்டு துண்டாக இறக்கவும், மண்ணை மேலே எடுக்கவும், பிறகு அந்தந்த வட்டாரத்துக் கழிவுநீரை உள்ளே விடவும் இந்தக் கிணறுகள்தான் வாசல். தோண்டிவிட்டுச் சுவர் கட்டினால் மண் சரியும். எனவே முதலில் சுற்றிலும் தரைக்குள் காங்கிரீட் சுவரை இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் நடுவிலிருக்கும் மண்ணை அள்ளுவார்கள். நிலத்தடி நீர் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே இருக்கும். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர மீட்டரில் பத்து டன் என்ற கணக்கில் அது ஏறும்.

கிணற்றில் ஒரு பகுதி இற்றுப்போனால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர் அண்மையில் பார்த்தது. 2025 ஜூலை 26 அன்று தஞ்சோங் காத்தோங் பகுதியில், பழைய கழிவுநீர்க் குழாய்கள் மூன்றை இணைப்பதற்காக 16 மீட்டர் ஆழத்தில் ஒரு கிணறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதையொட்டிய சாலை திடீரென்று உள்வாங்கியது. போய்க்கொண்டிருந்த கார் ஒன்று குழிக்குள் விழுந்தது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஒரு கயிற்றை வீசி, காரை ஓட்டிய பெண்ணைச் சில நிமிடங்களில் வெளியே இழுத்துவிட்டார்கள். முன்னின்று மீட்ட மேற்பார்வையாளர் தமிழ்நாட்டுக்காரர். ஆழக் கட்டுமானத்தில் மண் நமக்கு நேரம் கொடுப்பதில்லை என்பது அந்த இடத்தில் நின்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி இயந்திரம். சென்னை மெட்ரோ வேலை நடக்கும் இந்தக் காலத்தில் சுரங்கம் தோண்டும் இயந்திரத்தைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. மலைகளின் பெயரும் பறவைகளின் பெயரும் சூட்டி அவற்றை நமக்குப் பழக்கிவிட்டார்கள். முன்னால் சுழலும் ஒரு பெரிய தட்டு. அதில் பாறையை நொறுக்கும் சக்கரங்களும் மண்ணைச் சுரண்டும் பற்களும். ஆனால் வெட்டுவது பாதி வேலைதான். வெட்டிய முகம் சரியாமல் தாங்கிப்பிடிப்பது மீதிப் பாதி. வெட்டிய மண்ணையே தட்டுக்குப் பின்னாலுள்ள அறையில் அடைத்து வைத்து, அந்த அழுத்தத்தாலேயே எதிரிலிருக்கும் மண்ணைத் தாங்குவது ஒரு வகை. பெண்டோனைட் களிமண் கரைசலை அழுத்தத்தோடு செலுத்தித் தாங்குவது இன்னொரு வகை. அழுத்தம் குறைந்தால் மேலே சாலை அமுங்கும். கூடினால் சாலை புடைக்கும், சில சமயம் கரைசல் நடைபாதையில் ஊற்றெடுக்கும்.

இயந்திரம் முன்னேற முன்னேற, அதன் வால்பகுதிக்குள்ளேயே வளைந்த காங்கிரீட் துண்டுகளைச் சேர்த்து ஒரு வளையம் அமைப்பார்கள். கடைசித் துண்டு ஆப்புப்போல இறங்கி மற்றவற்றை இறுக்கும். அந்த வளையத்தின் மேல் ஜாக்கிகளை ஊன்றித் தள்ளித்தான் இயந்திரம் அடுத்த அடி வைக்கும். உறைகிணறு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. உறை மேல் உறையாக இறக்கிய கிணற்றைப் படுக்க வைத்தால் அதுதான் சுரங்கம். உறைக்கும் மண்ணுக்கும் நடுவே விடுபட்ட இடைவெளியில் சிமெண்ட் கலவையை உடனுக்குடன் அடைத்துவிடுவார்கள்.

சிங்கப்பூர் சின்னத் தீவுதான், ஆனால் அதன் அடிவயிறு ஒரே மாதிரி இல்லை. நடுவில் புக்கிட் தீமா கருங்கல், மேற்கே ஜூரோங் பக்கம் மடிப்பு மடிப்பான படிவுப் பாறை, கிழக்கே இறுகிய பழைய வண்டல், பள்ளமான இடங்களில் தயிர்போன்ற கடல் களி. பாறையென்றால் பாறைக்குத் தக்க இயந்திரம், களியென்றால் களிக்குத் தக்கது. தொல்லை கொடுப்பது இரண்டும் கலந்த இடம். தட்டின் கீழ்ப்பாதி கருங்கல்லில் மோதுகிறது, மேல்பாதி களியில் வழுக்குகிறது. சக்கரங்கள் ஒவ்வொரு சுற்றிலும் கல்லில் அடிபட்டு உடையும். அவற்றை மாற்ற ஆள் முன்னறைக்குப் போக வேண்டும். போனால் மண் சரியும். அதனால் அறையைக் காற்றழுத்தத்தால் நிரப்பி, அந்த அழுத்தத்துக்குள் தொழிலாளர்கள் நுழைந்து போல்ட்டைக் கழற்றி மாட்டுகிறார்கள். திரும்பும்போது ஆழ்கடல் மூழ்காளர்களைப்போல, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் சிற்றறையில் உட்கார்ந்து காத்திருந்துதான் வெளியே வர முடியும். அவசரப்பட்டால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டும். இரண்டாம் கட்டத்தில் இப்படி 19 இயந்திரங்கள் தீவின் அடியில் வேலை செய்தன.

ரயில் சுரங்கத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ரயில் சுரங்கம் ஓரிடத்தில் சில சென்டிமீட்டர் தாழ்ந்துபோனால் தண்டவாளத்தைப் பதிக்கும்போது சரிசெய்துகொள்ளலாம். கழிவுநீர்ச் சுரங்கத்தில் வாட்டம் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அங்கே ஒரு குட்டை உருவாகும், மணல் தங்கும். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் என்பது ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர். பூமிக்கடியில், பல நூறு டன் எடையுள்ள இயந்திரத்தை, இந்த மில்லிமீட்டர் கணக்குப் பிசகாமல் லேசர் கதிரைப் பார்த்து ஓட்ட வேண்டும். கொத்தனாரின் ரசமட்டத்துக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

தோண்டி முடித்ததும் பாதி வேலை முடிந்தது என்று சொல்லலாமா? நான் சொல்லமாட்டேன். இந்தச் சுரங்கத்தின் உண்மையான எதிரி மண் அல்ல. தண்ணீரோடு சேர்ந்து உள்ளே வரப்போகும் ஒரு வாயு.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள் என்ற செய்தியை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். அந்த விஷவாயு பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும்; நாற்றம் போய்விட்டது என்று இறங்குகிறவர் திரும்ப வருவதில்லை. கழிவுநீரில் இருக்கும் பிராணவாயு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகு சுவரோரத்து வழுவழுப்புக்குள் வாழும் பாக்டீரியாக்கள், நீரில் கரைந்த சல்பேட்டிலிருந்து பிராணவாயுவைப் பிடுங்கிக்கொண்டு சல்பைடைக் கழித்துவிடுகின்றன. பதின்மூன்று மணி நேரப் பயணம் என்று சொன்னேனே, அது இவற்றுக்கு விருந்து.

வாயு நீரிலிருந்து எழும்பி, சுரங்கத்தின் கூரையில் வேர்த்திருக்கும் ஈரத்தில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே வேறொரு வகை பாக்டீரியா காத்திருக்கிறது. அது சல்பைடைக் கந்தக அமிலமாக மாற்றிவிடும். அமிலம் பட்ட காங்கிரீட் ஜிப்சமாக, விரலால் வழித்தெடுக்கக்கூடிய வெள்ளைக் குழம்பாக மாறும். கழிவுநீர்க் குழாய்கள் நீர் படும் அடிப்பகுதியில் அரிபடுவதைவிட, நீரே படாத கூரையில்தான் அதிகம் அரிபடுகின்றன. முதன்முதலாகப் படித்தபோது இதை நான் இரண்டு முறை திரும்பிப் படித்தேன்.

ஆகவே வளையங்களுக்கு உள்ளே இன்னொரு காங்கிரீட் சுற்று ஊற்றி, அதன் உள்முகத்தில் 2.5 மில்லிமீட்டர் கனமுள்ள பாலித்தீன் தாளைப் போர்த்துகிறார்கள். தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பயன்படும் அதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். ஒட்டினால் பின்னாலிருந்து அழுத்தும் நிலத்தடி நீர் அதைப் பிய்த்துவிடும் என்பதால், தாளின் முதுகில் வரிசையாக மேடுகள் இருக்கும். ஈரக் காங்கிரீட் அவற்றைக் கவ்விக்கொண்டு இறுகும். தாளும் தாளும் சேரும் இடத்தைச் சூடு காட்டிப் பற்றவைக்க வேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அமிலம் அதன் வழியே உள்ளே போய்விடும். அதைக் கண்டுபிடிக்கும் முறை பார்க்கச் சுவையானது. உயர் மின்னழுத்தம் ஏற்றிய ஒரு தூரிகையை, வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்போல மெல்லத் தையல் மேல் இழுத்துக்கொண்டே போவார் பரிசோதகர். பிளாஸ்டிக் மின்சாரத்தைத் தடுக்கும். ஓட்டை இருந்தால் அங்கே சடக்கென்று ஒரு பொறி தெறிக்கும். அந்த இடத்தில் குறி வைத்து, மறுபடி பற்றவைத்து, மறுபடி தூரிகை. கிலோமீட்டர் கணக்கில் இப்படி.

மேலேயிருந்து நீரை இறக்குவதும் தனிக்கலை. சாதாரணக் குழாய் சில மீட்டர் ஆழத்தில் வருகிறது. சுரங்கம் நாற்பது மீட்டர் கீழே. அப்படியே விழவிட்டால் அருவியாகும். அடித்தளம் குழி விழும், காற்றை வாரிக்கொண்டு போகும், தெறிக்கும் நீரிலிருந்து வாயு இன்னும் அதிகமாக வெளியேறும். வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நிரம்பிய தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் களக் களக்கென்று திக்கித் திக்கி இறங்கும். கவிழ்த்ததும் ஒருமுறை சுழற்றிவிட்டால் நீர் சுவரோடு சுற்றிக்கொண்டு, நடுவில் காற்றுக்கு வழிவிட்டு, சத்தமில்லாமல் வடியும். இறங்கு கிணறுகளில் செய்வது இதைத்தான். நீரை ஓரமாகச் சாய்த்து நுழைத்து, சுழலாக்கி, சுவரைத் தழுவியபடி இறக்குகிறார்கள். சுவரின் உராய்வு வேகத்தைக் குறைத்துவிடும். அடியில் ஓர் அறையில் குமிழிகளைப் பிரித்துவிட்டுச் சுரங்கத்துக்குள் அனுப்புவார்கள். பிரிந்த காற்றையும், ஓடும் நீர் இழுத்துவரும் காற்றையும் மேலே உறிஞ்சி, நாற்றம் நீக்கி வெளியே விடத் தனி நிலையங்கள் உண்டு.

இவ்வளவு கவனத்துக்குக் காரணம் ஒன்றுதான்: திறந்துவிட்டால் மூட முடியாது. சாலையை இரவில் மூடிப் பழுது பார்க்கலாம். ரயிலை ஒரு நாள் நிறுத்தலாம். ஒரு நகரத்தை மலம் கழிக்காதே என்று சொல்ல முடியுமா? நூறு ஆண்டு ஆயுள் என்று திட்டமிட்டால், நூறு ஆண்டும் ஆள் இறங்காமலே அது தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் தேவைப்பட்டால் ஒரு பகுதியை மட்டும் அடைக்கும் பெரிய கதவுகளை வைத்திருக்கிறார்கள். சுவரின் நிலையைத் தெரிந்துகொள்ளக் காங்கிரீட்டுக்குள் ஒளியிழைகளையும் புதைத்திருக்கிறார்கள். முதல் கட்டத்தில் கிடைத்த அனுபவத்துக்குப் பிறகு வந்த முன்யோசனை இது. இருந்தாலும் ஒன்று: நூறு சிறு ஏற்று நிலையங்களில் ஒன்று நின்றால் ஒரு தெரு நாறும், எல்லாவற்றையும் ஒரே சுரங்கத்தில் கொட்டிவிட்டால் அந்த ஒன்றின் மேல்தான் நகரமே நிற்கிறது. இதை எழுதும்போதும் எனக்கு அந்த உறுத்தல் முழுமையாகப் போகவில்லை.

வழி நெடுக வேண்டாத மோட்டார் கடைசியில் வேண்டும். சாங்கியில் சுரங்கம் முடியும் இடத்தில், பிரம்மாண்டமான நிலத்தடிக் கிணறுகளிலிருந்து மொத்த நீரையும் ஒரே மூச்சில் தரைக்குத் தூக்குகிறார்கள். நாளொன்றுக்கு 9,20,000 கன மீட்டர் சுத்திகரிக்கும் நிலையம் அது. அதன் கூரையின் மேலேயே இன்னொரு ஆலை இருக்கிறது. சுத்திகரித்த நீரை மேலும் வடிகட்டி, நியூவாட்டர் என்று பெயரிட்ட தூய நீராக ஆக்குவது அதன் வேலை. குடிநீருக்கு மலேசியாவையும் மழையையும் பார்த்துக்கொண்டிருந்த தீவுக்கு, சாக்கடையும் ஒரு நீர்நிலை. அங்கே அதைக் கழிவுநீர் என்றுகூடச் சொல்வதில்லை. பயன்படுத்தப்பட்ட நீர் என்கிறார்கள். துவாஸுக்குப் போகும் சுரங்கத்தில் வீட்டு நீரையும் தொழிற்சாலை நீரையும் கலக்காமல் இரண்டு தனி வழியாகக் கொண்டுபோவதும் இதனால்தான். அங்குள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு நாளொன்றுக்கு 8,00,000 கன மீட்டர் திறன்; அதில் 1,50,000 தொழிற்சாலை நீருக்கு.

கணக்கில் இன்னொரு வரவும் உண்டு: நிலம். பழைய நிலையங்களும் ஏற்று நிலையங்களும் 300 ஹெக்டேரை அடைத்துக்கொண்டிருந்தன. சுரங்கம் முழுமையாக இயங்கும்போது அது பாதியாகக் குறையும். சதுர அடிக்கு விலை தெரிந்தவர்களுக்கு அந்த 1,000 கோடி வெள்ளி இப்போது கொஞ்சம் சிறிதாகத் தெரியலாம்.

தரைக்கு மேலே பார்ப்பதற்கு அநேகமாக எதுவும் இல்லை. விரைவுச்சாலையோரம் புல்வெளியில் காங்கிரீட் மேடை ஒன்று, அதன் மேல் கனமான இரும்பு மூடி, பக்கத்தில் பச்சை வர்ணம் அடித்த காற்றுக் குழாய். மாலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் அந்த மேடையில் உட்கார்ந்து செருப்பில் ஏறிய மண்ணைத் தட்டுவார்கள்.